பழைய அவுட்போர்டு எஞ்சினை நாமளே சரி பண்றது எப்படி: தேவகோட்டை பட்டறையில இருந்து ஒரு முழு வழிகாட்டி

செட்டிநாடுன்னா வெளியூர்க்காரங்களுக்கு பெரிய வீடும் ஆத்தங்குடி கல்லும்தான் ஞாபகம் வரும், ஆனா தேவகோட்டையில இருந்து திருவாடானை வழியா வண்டிய விட்டா ஒரு மணி நேரத்துல தொண்டி கடல். நான் டூவீலர் மெக்கானிக், ஆர்எக்ஸ் 100 பிரிச்சு பிரிச்சே கை பழகுனவன். டூ ஸ்ட்ரோக் தெரிஞ்ச ஆளுன்னு சொல்லி தொண்டிப் பக்கம் இருந்து ஒரு அண்ணன் தன்னோட பைபர் போட்டுக்கு பின்னாடி வெளிய மாட்டுற அவுட்போர்டு எஞ்சினை ஒருநாள் டாட்டா ஏஸ்ல போட்டு கொண்டுவந்து இறக்கிட்டாரு. பழைய 8 ஹெச்பி, ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்றது. "தம்பி, நடுக்கடல்ல ரெண்டு தடவை நின்னு போச்சுப்பா, மேக்க இருந்து அடிக்கிற கச்சான் காத்து வேற, போட் பாட்டுக்கு கிழக்க இழுத்துக்கிட்டு போகுது"ன்னு சொன்னாரு. அவர் சொன்னது எனக்கு அப்படியே மனசுல நின்னுச்சு. ரோட்டுல பைக் நின்னா தள்ளிக்கிட்டு வந்துடலாம், அங்க நின்னா எல்லைக்கோடு அந்தப் பக்கம் இருக்கு. அதனால இந்த வேலையில "ஓடுது போதும்"னு விட முடியாது, ஏன் நின்னுச்சுன்னு காரணம் கையில கிடைக்கிற வரைக்கும் தேடணும்.

அந்த எஞ்சினையும் அதுக்கப்புறம் வந்த எஞ்சின்களையும் பார்த்து கத்துக்கிட்டதைத்தான் இங்க வரிசையா எழுதுறேன். வரிசை முக்கியம். பழைய எஞ்சின் ஸ்டார்ட் ஆகலைன்னதும் முதல்ல கார்புரேட்டரை கழட்டுறவங்கதான் அதிகம், அது தப்பு. எஞ்சினோட உயிர் இருக்கான்னு முதல்ல பாக்கணும், அப்புறம் நெருப்பு, அப்புறம் பெட்ரோல், அப்புறம் தண்ணி, கடைசியா கீழ இருக்கிற கியர். இந்த வரிசையில போனா காசும் மிச்சம், போல்ட்டும் உடையாது.

கழட்டுறதுக்கு முன்னாடி

போட்ல மாட்டுற கிளாம்ப் பக்கத்துல ஒரு சின்ன தகடு இருக்கும், மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் அதுல இருக்கும், உப்பு படிஞ்சிருந்தா ஈரத்துணியால துடைச்சு போட்டோ எடுத்துக்கங்க. இது இல்லாம பார்ட்ஸ் கடைக்கு போனா ஒரே 8 ஹெச்பிக்கு மூணு விதமான இம்பெல்லர் (வாட்டர் பம்புக்குள்ள சுத்துற ரப்பர் சக்கரம்) எடுத்து வைப்பாங்க, எது உங்களுதுன்னு தெரியாது. ஒவ்வொரு வயரையும் ரப்பர் ஓஸையும் கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ. போல்ட்டை எல்லாம் முட்டை அட்டையில கழட்டுன வரிசையிலேயே போட்டு வச்சா பூட்டும்போது அதே வரிசை திரும்பி வரும்.

உப்புத் தண்ணியில ஓடுன எஞ்சின்ல போல்ட் பிடிச்சுக்கிட்டு இருக்கறதுதான் பெரிய தலைவலி. எஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ், நடுவுல உப்பு, இது மூணும் சேர்ந்தா வெள்ளையா மாவு மாதிரி பூத்து போல்ட்டை இறுக்கிடும். பலத்தை காட்டி திருகுனா தலை முறிஞ்சு கையோட வந்துடும், அப்புறம் உள்ள இருக்கிற பாதியை ட்ரில் போட்டு எடுக்கறதுக்குள்ள ஒரு நாள் போயிடும். அதனால டபிள்யூடி-40 அடிச்சு ஒரு ராத்திரி விடுங்க, காலையில போல்ட் தலையில சுத்தியலால நேரா நாலு தட்டு, அப்புறம் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, இப்படி ஆட்டி ஆட்டி எடுங்க. அப்படியும் வரலைன்னா சுத்தி இருக்கிற அலுமினியத்தை சூடு பண்ணணும், அலுமினியம் ஸ்டெயின்லெஸை விட அதிகமா விரியும், அதனால பிடி விட்டுடும். ஆனா கேஸ் டார்ச்சை பத்த வைக்கிறதுக்கு முன்னாடி டேங்க், ஓஸ், கார்புரேட்டர் எல்லாத்துல இருந்தும் பெட்ரோலை எடுத்து தூரமா வச்சிடுங்க. பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்காம பாத்துக்கங்க, பெட்ரோல் ஆவி தரையோட தரையா ஓடிவந்து பத்தும்.

உயிர் இருக்கா?

மேல மூடியை எடுங்க. ப்ளக் ரெண்டையும் கழட்டுங்க, பெரும்பாலும் 21 சைஸ் ப்ளக் ஸ்பேனர்தான். எது மேல் சிலிண்டர் ப்ளக், எது கீழ் சிலிண்டர் ப்ளக்னு கலக்காம வைங்க, ஏன்னா ப்ளக்கோட முகம்தான் எஞ்சினோட ஜாதகம். காபிப்பொடி நிறத்துல இருந்தா நல்லா எரிஞ்சிருக்கு. கருப்பா ஈரமா இருந்தா எரியாத பெட்ரோலும் ஆயிலும், இல்லைன்னா ஸ்பார்க் வீக். வெள்ளையா வெந்து போயிருந்தா பெட்ரோல் பத்தாம ஓடியிருக்கு, இல்லைன்னா சூடு ஏறியிருக்கு. ஒண்ணு மட்டும் கழுவி விட்ட மாதிரி பளபளன்னு இருந்தா அந்த சிலிண்டருக்குள்ள தண்ணி போகுதுன்னு சந்தேகப்படணும், ஹெட் கேஸ்கெட்டை பாக்கணும்.

ரொம்ப நாள் சும்மா கிடந்த எஞ்சின்னா உடனே கயித்தை இழுக்காதீங்க. ஒவ்வொரு ப்ளக் ஓட்டையிலயும் ஒரு ஸ்பூன் டூடி ஆயில் ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க. மறுநாள் ப்ளைவீலை கையால மெதுவா சுத்திப் பாருங்க, மேல இருந்து பாத்தா கடிகாரம் சுத்துற பக்கம் மட்டும். எதிர்ப்பக்கம் சுத்துனா கீழ இருக்கிற வாட்டர் பம்ப் இம்பெல்லரோட ரப்பர் இதழ் மடங்கி உடையும். சுத்த மாட்டேங்குதுன்னா மறுபடி ஆயில், மறுபடி பொறுமை. பைப்பை மாட்டி நெம்பக் கூடாது, ரிங் பிடிச்சிருக்கிற எஞ்சினை நெம்புனா கனெக்டிங் ராடுதான் வளையும்.

சுத்துதுன்னா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம், பாருங்க. கேஜ் டூவீலர் பட்டறையிலேயே இருக்கும், ப்ளக் ஓட்டை த்ரெட் 14 மிமீ. ரெண்டு ப்ளக்கும் வெளிய இருக்கணும், ப்ளக் வயர் ரெண்டையும் எஞ்சின் உடம்போட எர்த் பண்ணி வைக்கணும், இல்லைன்னா ஸ்பார்க் போக வழியில்லாம சிடிஐ (ஸ்பார்க்குக்கு கரண்ட் கொடுக்கிற சின்னப் பெட்டி) அடி வாங்கும். ஆக்ஸிலேட்டரை முழுசா திறந்து வச்சு கயித்தை நாலஞ்சு தடவை நல்லா இழுங்க. இந்த மாதிரி பழைய டூ ஸ்ட்ரோக்ல 90 பிஎஸ்ஐக்கு மேல இருந்தா தைரியமா வேலைய ஆரம்பிக்கலாம், 120 பக்கம் வந்தா அருமை. மண்ணெண்ணெய்ல ஓடுற மாடல்னா இயல்பாவே கம்மியா காட்டும். நம்பரை விட முக்கியம் ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம், ஒண்ணு 115, இன்னொன்னு 70ன்னு காட்டுனா அந்த 70ல ஏதோ கதை இருக்கு. கம்மியா இருக்கிற சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறுச்சுன்னா ரிங்கோ போரோ (சிலிண்டர் உள்சுவர்) தேய்ஞ்சிருக்கு, அசையலைன்னா கேஸ்கெட் பக்கம் பாருங்க. ரெண்டுமே 60க்கு கீழன்னா போர் வேலை, பிஸ்டன், ரிங்குன்னு செலவு இழுக்கும். அந்த இடத்துல எஞ்சின் சொந்தக்காரர்கிட்ட உண்மையை சொல்லிடணும், பத்தாயிரத்துல முடியும்னு ஆசை காட்டி ஆரம்பிச்சா பாவம்.

அண்ணன் எஞ்சின்ல 105, 100. நல்ல உடம்பு.

நெருப்பு

ப்ளக்கை வயர்ல மாட்டி அதோட உலோகப் பகுதி எஞ்சின்ல நல்லா ஒட்டுற மாதிரி வச்சு நிழல்ல நின்னு கயித்தை இழுங்க. ப்ளக் ஓட்டைக்கு பக்கத்துல வைக்காதீங்க, அதுல இருந்து பெட்ரோல் ஆவி வரும். ஸ்பார்க் நீலமா, டப்புனு சத்தத்தோட அடிக்கணும், மஞ்சளா மெலிசா வந்தா அது காத்துல அடிக்கும், கம்ப்ரஷனுக்கு உள்ள அடிக்காது. ப்ளக் மாத்துறதுன்னா அதே நம்பர்தான் போடணும். யமஹா சின்ன எஞ்சின் பலதுல என்ஜிகே பி7ஹெச்எஸ்-10 வரும், கடைசியில இருக்கிற அந்த 10னா இடைவெளி 1.0 மிமீன்னு அர்த்தம். பைக் ப்ளக் த்ரெட் சேருதேன்னு மாட்டாதீங்க, சூடு தாங்குற அளவு வேற.

ஸ்பார்க்கே இல்லைன்னா உடனே "சிடிஐ போச்சு"ன்னு சொல்லிடாதீங்க. அண்ணனோட எஞ்சினை இதுக்கு முன்னாடி பார்த்த ஒரு மெக்கானிக் அப்படித்தான் சொல்லி, ஒரு சிடிஐ வாங்க வச்சு, அதையும் மாட்டி, அப்பவும் அது நடுக்கடல்ல நின்னுச்சு. கடல் எஞ்சின்ல முதல் சந்தேகம் ஸ்டாப் ஸ்விட்ச் மேல வரணும். சிவப்புக் கயிறு மாட்டி கையில சுத்திக்கிற ஸ்விட்ச் இருக்கு பாருங்க, அது எஞ்சினை எப்படி நிறுத்துதுன்னா ஸ்பார்க்குக்கு போற கரண்டை எர்த் பண்ணி விட்டுடும். உள்ள உப்பு பூத்துச்சுன்னா நாம அமுக்காமலே அது எர்த் ஆகும், அதுவும் விட்டு விட்டு, அலை அடிச்சு ஈரமானா மட்டும். ஸ்விட்ச்ல இருந்து வர்ற வயரை, யமஹாவுல வெள்ளை, கனெக்டர்ல பிரிச்சு விட்டுட்டு இழுத்துப் பாருங்க. ஸ்பார்க் வந்துடுச்சுன்னா குற்றவாளி ஸ்விட்ச்தான். அண்ணனுக்கு அதேதான், பாதி காரணம் இங்கயே கிடைச்சுது. புது ஸ்விட்ச் போடுங்க. பிரிச்சு விட்டபடியே ஓட்டிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, அந்த கயிறு ஆள் கடல்ல விழுந்தா எஞ்சினை நிறுத்துறதுக்கு இருக்கு. ஆள் இல்லாத போட் வட்டமடிச்சு விழுந்தவர் மேலேயே வரும், கீழ ப்ரொப்பல்லர் சுத்திக்கிட்டு இருக்கும்.

ஸ்விட்ச் சரியா இருந்தா எர்த் வயர் எல்லாம் கழட்டி எமரி பேப்பர் போட்டு தேய்ச்சு மாட்டுங்க. ப்ளக் கேப்பை திருகி எடுத்து வயர் நுனியை பாருங்க, உள்ள பச்சை பூத்திருந்தா அரை இஞ்ச் வெட்டிட்டு புது செம்பு தெரிய மாட்டுங்க. அதுக்கப்புறமும் இல்லைன்னாதான் ப்ளைவீலுக்கு அடியில இருக்கிற சார்ஜ் காயில், பல்சர் காயில், இக்னிஷன் காயில்னு மல்டிமீட்டர் வச்சு உங்க மாடல் மேனுவல்ல இருக்கிற ஓம்ஸ் அளவோட பாக்கணும். சிடிஐ கடைசி, அதை பாக்கறதுக்கு நல்ல வழி ஓடுற எஞ்சின்ல இருந்து ஒண்ணு வாங்கி மாத்திப் பாக்கறதுதான்.

ப்ளைவீலை கழட்ட புல்லர் வேணும். ஸ்க்ரூ டிரைவர் ரெண்டு விட்டு நெம்புறதும் ஷாப்ட் தலையில சுத்தியலால அடிக்கிறதும் இங்க சாதாரணமா நடக்குது, தயவுசெஞ்சு செய்யாதீங்க. உள்ள இருக்கிற காந்தம் விட்டுப் போகும், கிராங்க் பேரிங் அடி வாங்கும். கழட்டுனதும் ப்ளைவீலை ஷாப்ட்ல நகராம பிடிச்சு வைக்கிற அரைவட்ட உலோகச் சாவியை பாருங்க, அது லேசா நசுங்கியிருந்தாலும் டைமிங் மாறிடும். ஸ்பார்க் இருக்கு, பெட்ரோல் இருக்கு, ஆனா பட் பட்னு திருப்பி அடிக்குது, கயிறு கையை இழுக்குதுன்னா காரணம் அங்கதான்.

பெட்ரோல்

இப்பத்தான் பெட்ரோலுக்கு வர்றோம். டேங்க்ல இருக்கிற பழசை கண்ணாடி பாட்டில்ல ஊத்தி அரை மணி நேரம் வைங்க. அடியில தனியா ஒரு அடுக்கு நின்னா தண்ணி. இப்ப பங்க்ல கிடைக்கிற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் இருக்கு, எத்தனால் தண்ணியை இழுத்து வச்சுக்கும், அளவு மீறுனா பெட்ரோலை விட்டு பிரிஞ்சு தண்ணியும் எத்தனாலுமா அடியில இறங்கிடும், கடல் காத்துல இருக்கிற டேங்க்ல இது சீக்கிரமே நடக்கும். ஆயில் பெட்ரோலோட மேலேயே நின்னுடும். எஞ்சின் அடியில இருக்கிறதைத்தான் உறிஞ்சும், அப்ப உள்ள போறதுல ஆயிலே இல்லை, பிஸ்டன் பிடிக்கிறது இப்படித்தான். பழைய ரப்பர் ஓஸ், பெட்ரோல் பம்புக்குள்ள இருக்கிற மெல்லிசான டயாப்ரம் இதெல்லாம் எத்தனாலுக்கு ஏத்த ரப்பர் இல்லை, ஊறி உப்பி உள்பக்கம் உரிஞ்சு வரும். அதனால கடலுக்கு போற அன்னைக்கு தேவையான அளவு மட்டும் வாங்குங்க, மிச்சம் இருந்தா டூவீலர்ல ஊத்தி தீர்த்துடுங்க, மாசக்கணக்கா வைக்காதீங்க.

ஆயில் கணக்கு: பழைய எஞ்சின் பலதுக்கு 50க்கு 1, அதாவது 1 லிட்டருக்கு 20 மில்லி, 10 லிட்டருக்கு 200. போர் பண்ணி புது பிஸ்டன் போட்டிருந்தா முதல் 10 மணி நேரம் 25க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. இன்னும் பழைய எஞ்சின்னா கணக்கு வேற, மேனுவல்ல இருக்கிறதுதான் முடிவு. பைக்குக்கு ஊத்துற டூடி ஆயிலையே ஊத்தலாமான்னு எல்லாரும் கேப்பாங்க. கூடாது. அது காத்துல ஆறுற எஞ்சினுக்கு செஞ்சது, அதோட சாம்பல் தண்ணியில ஆறுற எஞ்சின்ல எரியாம ரிங்லயும் ப்ளக்லயும் படியும். டப்பாவுல டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்கும், அதை கேட்டு வாங்குங்க.

டேங்க்ல இருந்து எஞ்சின் வரைக்கும் கையாலயே தடவிக்கிட்டு வாங்க. டேங்க் மூடியில காத்து போற திருகு திறந்திருக்கா? அது மூடியிருந்தா எஞ்சின் பத்து நிமிஷம் அருமையா ஓடிட்டு நின்னுடும், டேங்க் சுருங்கிப் போயிருக்கும். ஓஸ் நடுவுல கையால அமுக்குற ரப்பர் பம்ப் பல்பை அம்புக்குறி எஞ்சின் பக்கம் பாக்குற மாதிரி பிடிச்சு அமுக்குங்க, ஏழெட்டு அமுக்குல கல்லு மாதிரி இறுகணும். இறுகவே இல்லைன்னா உள்ள வால்வு போச்சு, இல்லை எங்கயோ காத்து இழுக்குது. கனெக்டர்ல இருக்கிற சின்ன ஓரிங் வெடிச்சிருந்தா பெட்ரோல் வெளிய கசியாது, காத்து உள்ள போகும், அதனால கண்ணுக்கு தெரியாது.

இதுல எனக்கு ரொம்ப உதவுன ஒரு சோதனையை சொல்றேன். எஞ்சின் ஓடி ஓடி இறங்குதா, இறங்குற நேரத்துல ஒரு ஆள் பல்பை விட்டு விட்டு அமுக்கட்டும். அமுக்குனா எஞ்சின் மறுபடி ஏறுதுன்னா கார்புரேட்டர் நல்லா இருக்கு, அதுக்கு முன்னாடிதான் கோளாறு, பெட்ரோல் பம்ப் டயாப்ரமோ ஓஸோ பில்டரோ. அமுக்கியும் ஏறலை, ஆனா சோக்கை பாதி இழுத்தா ஓடுதுன்னா கார்புரேட்டர் ஜெட் அடைச்சிருக்கு. அண்ணன் எஞ்சின் பல்பை அமுக்குனா ஓடுச்சு. டயாப்ரத்தை வெளிச்சத்துல பிடிச்சு பாத்தா ஊசி ஓட்டை. ரெண்டாவது காரணமும் கிடைச்சுது.

கார்புரேட்டர் ஆர்எக்ஸ் கார்புரேட்டர் மாதிரிதான், பயப்பட ஒண்ணுமில்லை. ஐடில் திருகை கழட்டுறதுக்கு முன்னாடி மெதுவா உள்ள முட்டுற வரைக்கும் திருகி எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதிக்கங்க, தெரியலைன்னா ஒன்றரை சுத்துல ஆரம்பிக்கலாம். ஜெட் ஓட்டைக்குள்ள கம்பி விடாதீங்க, பித்தளை ஜெட் பெருசாயிடும், கார்ப் க்ளீனர் அடிச்சு காத்து விடுங்க, மீறுனா வயர்ல இருக்கிற ஒத்தை செம்பு இழை. தூக்கி வெளிச்சத்துல பாத்தா ஓட்டை வட்டமா சுத்தமா தெரியணும். ப்ளோட் ஊசியோட நுனியில கோடு விழுந்திருந்தா மாத்திடுங்க. எல்லா கேஸ்கெட்டும் புதுசு.

மண்ணெண்ணெய் எஞ்சின் வச்சிருக்கிறவங்க கரைக்கு வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே பெட்ரோலுக்கு மாத்திட்டு அதுல ஓடவிட்டு நிறுத்துங்க, இல்லைன்னா கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் நிக்கும், மறுநாள் காலையில கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை போயிடும்.

தண்ணி

டூவீலர் ஆளுங்க தப்பு பண்றது இங்கதான். இந்த எஞ்சின் தண்ணியில நிக்காம ஒரு நிமிஷம் கூட ஓடக்கூடாது. வாட்டர் பம்ப் இம்பெல்லர் ரப்பர், தண்ணிதான் அதுக்கு வழுக்கல், காய்ஞ்சு ஓடுனா சில நொடியிலேயே கருகும். எங்க வீட்டுல ரெண்டாங்கட்டுல கல்யாணத்துக்கு தண்ணி பிடிச்சு வைக்கிற பெரிய அண்டா கிடந்துச்சு, அப்பத்தா தர மாட்டேன்னுட்டாங்க, அது அவங்க சீர்ல வந்தது, அதனால 200 லிட்டர் நீல டிரம் ஒண்ணை மேல் பக்கம் வெட்டி பக்கத்துல மரச்சட்டம் அடிச்சு அதுல எஞ்சினை மாட்டினேன். தண்ணி மட்டம் ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டையான தகட்டுக்கு மேலேயே நிக்கணும். ப்ரொப்பல்லரை கழட்டிடுங்க, இல்லைன்னா தண்ணியை எல்லாம் வெளிய வாரி இறைச்சிடும்.

ஊருணி பக்கத்துல இருக்கே, அதுல இறக்கி பாத்துடலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. வேண்டாம். டூ ஸ்ட்ரோக் புகை தண்ணிக்குள்ளதான் வெளிய வரும், எரியாத ஆயிலும் பெட்ரோலும் அதோட வரும். மழைத்தண்ணியை வரத்துக்கால் வெட்டி சேத்து வச்ச ஊரு இது, ஊருணி குடிதண்ணி. டிரம்ல இருக்கிற தண்ணியையும் கடைசியில வாய்க்கால்ல ஊத்தாதீங்க.

ஸ்டார்ட் ஆனதும் பின்னாடி சின்ன ஓட்டை வழியா தண்ணி கயிறு மாதிரி பீய்ச்சி அடிக்கணும். வரலைன்னா உடனே நிறுத்துங்க. முதல்ல அந்த ஓட்டையில மெல்லிசா தங்கூசி விட்டு குத்திப் பாருங்க, குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லை உப்பு. அது இல்லைன்னா இம்பெல்லர். வாங்குன எஞ்சினோட வரலாறு தெரியாதுன்னா கேள்வியே இல்லாம புது இம்பெல்லர் போடுங்க, அது தேய்மான பொருள், வருஷம் ஒரு தடவை மாத்துறது நல்லது.

அதுக்கு கீழ் கியர் பெட்டியை இறக்கணும். கியர் மாத்துற கம்பி மேல இருக்கிற கம்பியோட எங்க சேருதுன்னு பாத்து மார்க் போட்டு அதை விடுவிச்சிட்டு, போல்ட்டுகளை எடுத்தா பெட்டி நேரா கீழ வரும். பம்ப் மூடியை திறந்தா இம்பெல்லர். இதழ் உடைஞ்சிருந்தா உடைஞ்ச துண்டை எண்ணி தேடி எடுக்கணும், விட்டா அது மேல போற தண்ணி வழியில போய் அடைச்சுக்கும், புது இம்பெல்லர் போட்டும் சூடாகும். அடித்தகட்டுலயும் கிண்ணத்துலயும் ஆழமா கோடு விழுந்திருந்தா அதுவும் மாத்துங்க. புதுசை கிண்ணத்துக்குள்ள விடும்போது லேசா கிரீஸோ சோப்புத் தண்ணியோ தடவி, ஷாப்ட்டை கடிகாரப் பக்கம் சுத்திக்கிட்டே கிண்ணத்தை கீழ அமுக்குனா இதழ் எல்லாம் சரியான பக்கம் மடங்கி உக்காரும். இம்பெல்லரை ஷாப்ட்டோட சேர்த்து பிடிக்கிற சின்னச் சாவியை மறந்துடாதீங்க. திரும்ப ஏத்தும்போது ட்ரைவ் ஷாப்ட் பல்லுல மரைன் கிரீஸ் தடவுங்க, ஆனா ஷாப்ட்டோட உச்சந்தலையில தடவாதீங்க, கிரீஸ் மேல மாட்டிக்கிட்டு ஷாப்ட் முழுசா உக்காராம தடுக்கும்.

இம்பெல்லர் புதுசு, ஆனாலும் சூடுன்னா தெர்மோஸ்டாட். எடுத்து உப்பை கழுவிட்டு ஒரு சட்டியில தண்ணியில கட்டித் தொங்கவிட்டு அடுப்புல வைங்க, தண்ணி நல்ல சூடு ஏறும்போது அது திறக்கணும், கொதிச்சும் திறக்கலைன்னா புதுசு வாங்குங்க. அது உக்காந்திருக்கிற வழியில உப்பு பாறை மாதிரி படிஞ்சிருக்கும், வினிகர் ஊத்தி ஊறவிட்டா கரையும். பாக் ஜலசந்தி பக்கம் ஆழம் கம்மி, அடியில கடல்புல் நிறைய. கடல்பசு மேயுற புல்லு அதுதான், 2022ல அரசாங்கம் கடல்பசு பாதுகாப்பகம்னு 448 சதுர கிலோமீட்டர் அறிவிச்சதும் இந்தக் கடல்லதான். அந்த புல் தண்ணி உறிஞ்சுற சல்லடையில ஒட்டிக்கும், தண்ணி பீய்ச்சுறது திடீர்னு மெலிஞ்சா எஞ்சினை நிறுத்தி தூக்கி முதல்ல அதை பாருங்க. கரையோரம் புல் மேல போகும்போது எஞ்சினை பாதி தூக்கி மெதுவா போனா எஞ்சினுக்கும் நல்லது, புல்லுக்கும் நல்லது.

கியர் ஆயில், ப்ரொப்பல்லர்

கியர் பெட்டியில ரெண்டு திருகு இருக்கும், கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. அடியில ட்ரே வச்சு கீழ் திருகு, அப்புறம் மேல் திருகு எடுங்க. வர்ற ஆயில் பால் காபி மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, ப்ரொப்பல்லர் ஷாப்ட் சீல் முதல் சந்தேகம். ப்ரொப்பல்லரை கழட்டிப் பாத்தா பெரும்பாலும் தங்கூசி வலை நூல் ஷாப்ட்ல சுத்தி சீலுக்குள்ள வெட்டிக்கிட்டு இருக்கும், வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. வாரம் ஒரு தடவை ப்ரொப்பல்லரை கழட்டி நூல் பாக்கறதை பழக்கமாக்குங்க. திருகு நுனியில இருக்கிற காந்தத்துல மெலிசா பேஸ்ட் மாதிரி இருந்தா தேய்மானம், இரும்புச் சில்லு இருந்தா பல் உடைஞ்சிருக்கு.

புது ஆயில் பம்ப் வச்சு கீழ் ஓட்டையில இருந்துதான் ஏத்தணும், எஞ்சினை நேரா நிறுத்தி, மேல் ஓட்டையில குமிழி இல்லாம வழியுற வரைக்கும். மேல இருந்து ஊத்துனா நடுவுல காத்து நின்னுடும். முதல்ல மேல் திருகை பூட்டுங்க, அப்புறம் பம்பை எடுத்துட்டு சட்டுனு கீழ் திருகு. வாஷர் ரெண்டும் புதுசு போடுங்க, பழைய வாஷர்தான் பல எஞ்சின்ல தண்ணி போற வழி.

சில சின்ன எஞ்சின்ல ப்ரொப்பல்லர்ல ஒரு பின் இருக்கும், பாறையில அடிச்சா அது ஒடிஞ்சு கியரை காப்பாத்தும். அது ஒடிஞ்சா ஆணியை வெட்டி போடுறவங்க இருக்காங்க. ஆணி ஒடியாது, அடுத்த அடிக்கு கியர்தான் ஒடியும். ரெண்டு பின் எப்பவும் போட்ல இருக்கட்டும். பின் இல்லாம உள்ள ரப்பர் இருக்கிற ப்ரொப்பல்லர்னா, ஆக்ஸிலேட்டர் கொடுத்தா சத்தம் மட்டும் ஏறி போட் போகலைன்னா ரப்பர் வழுக்குது. உள் வளையத்துல இருந்து வெளி வளையம் வரைக்கும் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு ஓட்டிட்டு வாங்க, கோடு விலகியிருந்தா உறுதி.

கியர் பெட்டிக்கு மேல சாம்பல் நிறத்துல ஒரு உலோகக் கட்டி இருக்கும், அனோடு. எஞ்சின் அலுமினியத்துக்கு பதிலா தான் அரிச்சுப் போறதுக்குன்னே வச்சது. பாதி கரைஞ்சிருந்தா மாத்துங்க. கரையவே இல்லாம புதுசு மாதிரி இருந்தாலும் சந்தோஷப்படாதீங்க, அது எஞ்சின் உடம்போட ஒட்டலை, பின்னாடி சுரண்டி மாட்டுங்க. அழகுக்கு பெயின்ட் அடிச்சுட்டா அது வேலையே செய்யாது. காரைக்குடியில அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர்ல 1953ல திறந்த சிக்ரி இருக்கே, மின்வேதியியல் ஆய்வகம், அங்க இந்த துரு, அரிப்பும் ஒரு பெரிய ஆராய்ச்சி. கடல் அரிப்பை பாக்க மண்டபத்துலயும் அவங்களுக்கு இடம் இருக்கு. நம்ம ஊர்லயே இவ்வளவு பெரிய விஷயமா படிக்கிற ஒண்ணுக்கு, கடல்ல தொழில் பண்றவர் கையில கிடைக்கிற மருந்து இந்த சின்னக் கட்டிதான்.

எஞ்சின் கடல்ல முங்கிட்டா

அலையில போட் கவுந்து எஞ்சின் முங்கிட்டா, வெளிய எடுத்து காய வைக்கிறதுதான் எல்லாருக்கும் தோணும். அதுதான் கெடுக்குது, காத்து பட்டதும் உள்ள பேரிங், கிராங்க் எல்லாம் துரு பிடிக்க ஆரம்பிச்சிடும். உடனே வேலை பாக்க முடியாதுன்னா நல்ல தண்ணி டிரம்ல அப்படியே முக்கி வச்சு கொண்டுவாங்க. வேலையை ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது: ப்ளக்கை எடுங்க, நல்ல தண்ணியில உள்ளயும் வெளியயும் கழுவுங்க, ப்ளக் ஓட்டை கீழ பாக்க சாய்ச்சு கயித்தை மெதுவா இழுத்து தண்ணியை வெளியேத்துங்க, கார்புரேட்டர் கழுவி, டபிள்யூடி-40, அப்புறம் ஆயில், அன்னைக்கே ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம் ஓடவிடுங்க. ஓடிக்கிட்டு இருக்கும்போதே முங்கியிருந்தா முதல்ல கையால சுத்திப் பாருங்க, எங்கயாவது தட்டுச்சுன்னா ராடு வளைஞ்சிருக்கு, அதுக்கு மேல இழுக்காதீங்க.

ஓட்டிப் பாக்கறது

டிரம்ல பத்து பதினஞ்சு நிமிஷம் ஐடில்ல விடுங்க. ஹெட் மேல ரெண்டு சொட்டு தண்ணி தெளிங்க, சுர்ருனு பொரிஞ்சா சூடு அதிகம், நிறுத்துங்க. டிரம்ல முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்காதீங்க, சுமை இல்லாம எகிறும்.

டிரம்ல ஓடுனது கடல்ல ஓடும்னு அர்த்தமில்லை, சுமை ஏறுனாத்தான் பெட்ரோல் பம்பும் ஜெட்டும் உண்மையை சொல்லும். தொண்டியில நாங்க முதல் ஓட்டம் போனப்ப பக்கத்துலயே அண்ணனோட மச்சான் போட்டும் வந்துச்சு. துடுப்பு, நங்கூரம், லைப் ஜாக்கெட், போன், ப்ளக் ரெண்டு, ப்ளக் ஸ்பேனர், ஸ்டார்ட் பண்ண தனிக் கயிறு எல்லாம் எடுத்துக்கிட்டோம். கரையோரமாவே அரை மணி நேரம், பாதி ஆக்ஸிலேட்டர், அப்புறம் முழுசு, அப்புறம் திடீர்னு இறக்கி மறுபடி ஏத்தி. அண்ணன் வாளியால தண்ணி மொண்டு ஸ்டாப் ஸ்விட்ச் மேல ஊத்திக்கிட்டே இருந்தாரு, எஞ்சின் அசையலை. அதுக்கப்புறம்தான் "சரி தம்பி, இப்ப வெளிய போவோம்"னு சொல்லி முகத்தை கிழக்க திருப்பினாரு.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி டிரம்ல பத்து நிமிஷம் ஓடவிட்டு உப்பை கழுவுங்க, கடைசி நிமிஷத்துல பெட்ரோல் ஓஸை கழட்டி விட்டு கார்புரேட்டர்ல இருக்கிறது தீர்ந்து தானா நிக்கட்டும். எஞ்சினை நேரா நிறுத்தி தண்ணி முழுசா வடிய விடுங்க, படுக்க வச்சா மிச்சத் தண்ணி எக்ஸாஸ்ட் வழியா சிலிண்டருக்கு ஏறும். மூடியை எடுத்து வயர் இணைப்பு மேல எல்லாம் லேசா டபிள்யூடி-40 அடிச்சுட்டு, ஈரம் உலர்ந்ததும் மூடுங்க.